எச்சங்களின் அண்மை: புரதத்தின் வடிவைத் தீர்மானிக்கும் தொடுகைகள்

தமிழ் இலக்கணம் கற்றோர் 'எச்சம்' என்னும் சொல்லை நன்கறிவர். 'வந்த' என்று மட்டும் கூறினால் பொருள் நிறைவதில்லை. 'மாணவன்' என ஒரு பெயர் வந்து அதனை முடித்து வைக்க வேண்டும். எச்சத்துக்கும் அது கொண்டு முடியும் சொல்லுக்கும் இடையே வேறு சொற்கள் புகலாம்; இதனை இடைப்பிறவரல் என்பர். அரபு நஹ்விலும் ளமீருக்கும் அது சுட்டும் பெயருக்கும் நடுவே ஒரு முழு வாக்கியமே நின்றாலும் உறவு அறுவதில்லை. வரிசையில் தொலைவில் நிற்பவை பொருளில் அருகருகே நிற்கின்றன. உயிர்வேதியியலைத் தமிழில் எழுதியோர் புரதத்தின் உறுப்புகளுக்கும் 'எச்சம்' என்றே பெயரிட்டனர். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோக்கப்படும்போது ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அது போக எஞ்சியது எச்சம். பெயர் வந்த வழி வேறாயினும், இலக்கணத்தார் கொண்ட பொருளும் இங்கே வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களால் ஆன நீண்ட சங்கிலி. அச்சங்கிலி நீட்டிய கயிறாகக் கிடப்பதில்லை. மடிந்து, சுருண்டு, தனக்கே உரிய ஒரு வடிவை அடைகிறது. அவ்வடிவம் பெற்ற பின்னரே அது தன் பணியைச் செய்கிறது. இந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்க அறிஞர் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென் ரைபோநியூக்ளியேஸ் என்னும் புரதத்தை எடுத்துக்கொண்டு இதற்கு விடை கண்டார். 124 எச்சங்கள் கொண்ட அப்புரதத்தில் 8 சிஸ்டைன்கள் உள்ளன. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து 4 கந்தகப் பாலங்களை அமைக்கின்றன. 8 பேரை நான்கு இணைகளாகப் பிரிப்பதற்கு 105 வழிகள் உண்டு. இயற்கையில் அமைவதோ ஒரே வழி. 26ஆம் எச்சம் 84ஆம் எச்சத்தையும், 40ஆவது 95ஆவதையும், 58ஆவது 110ஆவதையும், 65ஆவது 72ஆவதையும் பற்றிக்கொள்கின்றன. ஆன்ஃபின்சென் யூரியாவையும் மற்றொரு வேதிப்பொருளையும் சேர்த்து இப்பாலங்களை அறுத்து, புரதத்தைக் குலைத்தார். பின் அவ்விரண்டையும் நீக்கியபோது, புரதம் தானாகவே மடிந்து அதே நான்கு பாலங்களையும் மீண்டும் அமைத்துக்கொண்டது. யூரியாவை நீக்காமலே பாலங்களை அமைய விட்டபோதோ அவை கண்டபடி இணைந்தன. செயல்திறன் நூற்றில் ஒரு பங்களவே எஞ்சியது. வடிவுக்கான கட்டளை எச்சங்களின் வரிசையிலேயே பொதிந்திருக்கிறது என்ற இம்முடிவுக்காக 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கந்தகப் பாலம் வலுவான பிணைப்பு. ஆனால் எல்லாப் புரதங்களிலும் அது இருப்பதில்லை. பெரும்பாலான தொடுகைகள் மென்மையானவை. எண்ணெயைப் போல நீரை விலக்கும் எச்சங்கள் நீரிலிருந்து ஒதுங்கிப் புரதத்தின் உட்புறத்தில் ஒன்றுகூடுகின்றன. எதிர்மின்னூட்டமும் நேர்மின்னூட்டமும் உடையவை நெருங்கி 'உப்புப் பாலம்' அமைக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்புகள் சுருள்களையும் தகடுகளையும் தாங்கி நிற்கின்றன. தனித்தனியே பார்த்தால் இவை எளிதில் அறுபடக் கூடியவை. பல கூடும்போது புரதம் நிலைபெறுகிறது.

இனி, இரண்டு எச்சங்கள் தொடுகின்றன என்று எப்போது சொல்வது? அணுக்களுக்குத் தோல் இல்லை. பட்டது, படவில்லை என்று கண்ணால் கண்டு தீர்க்க இயலாது. ஆகவே ஆய்வாளர்கள் ஒரு தூரத்தை எல்லையாக வகுத்துக்கொள்கின்றனர். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் 10 கோடியில் ஒரு பங்கு. இரு எச்சங்களின் பீட்டா கார்பன் அணுக்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவான தொலைவிருந்தால் அது தொடுகை என்பது பரவலாக வழங்கும் ஒரு வரையறை. ஹைட்ரஜன் நீங்கலான எந்த இரு அணுக்களும் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடுகை என்பது மற்றொன்று. வரையறை மாறினால் எண்ணிக்கையும் மாறும். தொடுதல் என்றால் என்ன என்னும் வினா நம் ஃபிக்ஹு மாணவர்களுக்குப் புதிதன்று. அந்நிய ஆண் பெண் இருவரின் தோல் திரையின்றிப் பட்டாலே உளூ முறியும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். வெறும் தொடுதலால் முறியாது என்பது ஹனஃபீ மத்ஹப். இரு தரப்பாரும் நோக்குவது ஒரே வசனத்தின் ஒரே சொல்லைத்தான். எந்தப் பொருளில் அச்சொல்லைக் கொண்டோம் என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பேசுவோருக்குள் குழப்பம் எழுவதில்லை. புரத ஆய்விலும் அவ்வாறே.

வரையறை முடிவானதும் ஒரு கட்டம் வரையப்படுகிறது. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 எச்சங்கள். குறுக்கே 146, நெடுக்கே 146 எனச் சதுரங்கள் இட்டு, தொடும் இணைக்குரிய சதுரத்தைக் கறுப்பாக்கினால் கிடைப்பது தொடுகை வரைபடம். அண்டை எச்சங்கள் தொடுவது இயல்பாதலால் மூலைவிட்டம் கறுத்தே இருக்கும். அதில் செய்தி ஏதுமில்லை. சுருள் அமைந்த இடங்களில் ஓர் எச்சம் தனக்கு மூன்று, நான்கு இடம் தள்ளியுள்ளதைத் தொடுவதால் மூலைவிட்டம் தடித்துக் காணும். எதிரெதிர்த் திசையில் செல்லும் இரு இழைகள் இணைந்த தகடு, மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான கோடாகத் தோன்றும். அதைவிட்டு வெகுதூரம் விலகி நிற்கும் புள்ளிகளே விலைமதிப்புள்ளவை. முப்பரிமாண உருவம் முழுவதையும் ஒரு தாளில் படிக்க அவை வழி செய்கின்றன.

தொடுகையின் மறுபக்கத்தை முறைப்படி ஆராய்ந்த பெருமை சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, எவை நெருங்கலாம் என்பதை விட்டு, எவை நெருங்கலாகாது என்று வினவியது. இரண்டு கார்பன் அணுக்கள் பிணைப்பின்றி 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருதல் அரிது. 3 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருதல் ஆகாது. இத்தகைய தடைகளை ஒவ்வோர் அணு இணைக்கும் விதித்துப் பார்த்தபோது, சங்கிலி திரும்பக்கூடிய கோணங்களுள் பெரும்பகுதி விலக்கப்பட்டு, சில தீவுகளே எஞ்சின. இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் எந்தப் புரத உருவமும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்னும் அந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கப்படுகிறது.

உருவம் தெரிந்த புரதத்தில் தொடுகையை அளந்துகொள்ளலாம். தெரியாததில் என் செய்வது? இங்கேதான் ஓர் அழகிய சிந்தனை பிறந்தது. ஒரே புரதம் மனிதனிலும் மீனிலும் ஈஸ்டிலும் சிறுசிறு வேறுபாடுகளுடன் காணப்படுகிறது. தொடும் எச்சங்கள் இரண்டில் ஒன்று மாறினால், தொடுகை கெடாதிருக்க மற்றதும் மாறியாக வேண்டும். ஆதலால் ஆயிரக்கணக்கான வரிசைகளை அடுக்கி, எந்த இரு இடங்கள் சேர்ந்தே மாறுகின்றன என்று பார்த்தால் தொடும் இணைகள் புலப்படும். ஆனால் ஓர் இடர் உண்டு. 'அ' 'ஆ'வைத் தொடுகிறது, 'ஆ' 'இ'யைத் தொடுகிறது எனில், 'அ'வும் 'இ'யும் சந்தியாமலே சேர்ந்து மாறுவதுபோல் தோன்றும். ஹதீஸ் கலையில் இதற்கு நிகரான வினா ஒன்று உண்டு. இரு அறிவிப்பாளர்கள் சமகாலத்தவராகவும் சந்தித்திருக்கக் கூடியவராகவும் இருந்தால் போதும் என்றார் இமாம் முஸ்லிம் (ரஹ்). சந்திப்பு நிறுவப்பட வேண்டும் என்பது இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் நிபந்தனையாக அறியப்படுகிறது. சேர்ந்து மாறுவது சமகாலம், தொடுகை சந்திப்பு. 2009 முதல் வெளிவந்த கணித முறைகள் இடையாள் வழி வந்த தோற்றத்தைக் களைந்து, நேர்ச் சந்திப்பைப் பிரித்தெடுக்கக் கற்றன. அதன்மேல் எழுந்ததே ஆல்ஃபாஃபோல்டு என்னும் கணினி நிரல். 2020ஆம் ஆண்டுப் போட்டியில் அது காட்டிய துல்லியம் துறையினரைத் திகைக்க வைத்தது. 2024இல் ஹஸாபிஸ், ஜம்பர் இருவரும், புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரும் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். (இத்தகைய கண்டுபிடிப்பு வந்தவுடன் அதனை ஒரு வசனத்தோடு ஒட்டிக் காட்டும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. நாம் அதற்கு உடன்படுவதில்லை. நாளை திருத்தப்படக் கூடிய ஒன்றை வேதத்தின் மீது ஏற்றுவது வேதத்துக்குச் செய்யும் சேவையாகாது.)

ஒரு தொடுகை தவறினால், அல்லது கூடாத ஒன்று உண்டானால், விளைவது என்ன? பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் இருக்க வேண்டியது குளூட்டாமிக் அமிலம். மின்னூட்டம் உடையது, நீரை நாடுவது. சிலருக்கு அங்கே நீரை விலக்கும் வாலின் இருக்கிறது. 1957இல் வெர்னான் இங்ராம் இதனைத் தெளிவாக்கினார். 146இல் ஒன்றுதான் வேறு. ஆனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினின் மேற்பரப்பில் 85ஆம் இடத்து ஃபினைல் அலனினும் 88ஆம் இடத்து லியூசினும் சேர்ந்து ஒரு சிறு குழியை அமைக்கின்றன. ஒரு மூலக்கூறின் வாலின் அடுத்த மூலக்கூறின் அக்குழியில் சென்று பொருந்துகிறது. குளூட்டாமிக் அமிலம் அதில் பொருந்தாது. இவ்வாறு ஒன்றையொன்று பற்றிய மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்க, தாங்கொணா வலியும் சோகையும் தொடர்கின்றன.

அரிவாள் செல் சோகை நமக்குத் தொலைவான நோயன்று. நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்கூறு இருப்பது 1952லேயே பதிவாகியுள்ளது. சவூதி அரேபியாவின் கீழை மாகாணத்திலும் இது மிகுதி. தாய், தந்தை இருவரும் அம்மரபணுவைச் சுமப்போராயின், அவர்கள் நோயின்றி வாழ்ந்தாலும், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே குடும்பத்துக்குள் மணம் முடிக்கையில் இருவரும் சுமப்போராக அமையும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தை மார்க்கம் அனுமதித்தது, கட்டாயமாக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட ஒன்றைச் செய்யுமுன் எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்வதை விதியின் மீதுள்ள நம்பிக்கைக்கு எதிராகக் கருதுவோர் நம்மில் உள்ளனர். இக்கருத்துக்கு நாம் ஆதாரம் காணவில்லை. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் இப்பரிசோதனை கட்டாயம். முடிவை அறிவித்து ஆலோசனை தருவதோடு அரசு நின்றுகொள்கிறது. மணப்பதும் விடுவதும் அவ்விருவரின் விருப்பம். இந்தியாவில் 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கை வைத்துள்ளது. நிக்காஹ் பதிவேடு எழுதும் நம் ஜமாஅத்துகள், மணமக்களின் குடும்பத்தாரிடம் இப்பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.