ஊசியா, குளிசையா? – உங்களுக்குத் தெரியுமா?

பலாபத்வல சந்தியில் மாத்தளை பஸ் வரும்வரை நிற்கிற நேரம் போதும், இந்தப் பக்கத்தை வாசித்து முடிக்க. இதய வால்வில் கிருமி தொற்றியவர் ஆறு கிழமையும் வாட்டில் படுத்து ஊசிதான் போட்டுக்கொள்ள வேண்டுமா, பாதி வழியில் குளிசைக்கு மாறலாமா? இம்முறை விஷயம் இதுதான்.

வால்வில் வந்து குந்தும் கிருமி

● நமது இதயத்தில் வால்வுகள் நான்கு. நாளொன்றுக்குச் சுமார் 1 இலட்சம் தடவை அவை திறந்து மூடுகின்றன. ஏற்கெனவே பழுதுபட்ட வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டால், அதைச் சுற்றி இரத்தத் தட்டுகளும் உறைநாரும் படிந்து சிறு முடிச்சாக வளரும். செடி முளைத்ததுபோல் நிற்பதால் வைத்தியர்கள் அதற்கு வைத்த பெயர் ‘வெஜிடேஷன்’.

● வால்வு மெல்லிய திசு. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் அந்த முடிச்சுக்குள் எளிதில் நுழைய முடியாது. பக்கத்தில் ஓடும் இரத்தத்திலிருந்து மருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். சிகிச்சை 4 முதல் 6 கிழமை வரை இழுபடுவதற்கும் மருந்தின் அளவு கூடுவதற்கும் காரணம் இதுதான்.

● முடிச்சிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து இரத்தத்தோடு போனால் மூளையில் அடைப்பு வரலாம். சிறுநீரகமும் மண்ணீரலும் பாதிக்கப்படலாம். கை கால் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் சிலருக்கு வால்வு நோய் இருப்பதே தெரியவரும்.

● பனடோல் போட்டால் இறங்கி, மறுநாள் மறுபடி ஏறும் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாத மெலிவு, நகத்துக்கடியில் சிலாம்பு ஏறியதுபோன்ற சிவப்புக் கோடு. வால்வுக் கோளாறு உள்ள ஒருவருக்கு இவை வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது.

● விரல் நுனியில் வலியோடு எழும் சிறு புடைப்புகளுக்கு ‘ஒஸ்லர் முடிச்சு’ என்று பெயர். கனடாவில் பிறந்த வைத்தியர் வில்லியம் ஒஸ்லர் 1885இல் லண்டனில் இந்த நோய் பற்றி ஆற்றிய உரைகள்தான் அந்நோயை வைத்திய உலகுக்குத் தெளிவாக எடுத்துக் காட்டின.

● புகழ்பெற்ற இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் இந்த நோயால்தான் இறந்தார். 1911இல் நியூயோர்க்கில் அவருடைய இரத்தத்தைச் சோதித்து, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமியைக் கண்டுபிடித்தார்கள். எதிரி யாரென்று தெரிந்தும் அடிக்க ஆயுதம் இல்லாத காலம். அதே ஆண்டு மே 18இல் வியன்னாவில் உயிர் பிரிந்தது.

ஊசி பிடித்த இடம்

● 1941இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் பெனிசிலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்ட நோயாளிகளில் ஒருவர் அல்பர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரர். மருந்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினையே பிரித்தெடுத்துத் திரும்பவும் ஏற்றினார்கள். தேறி வந்தார். மருந்து தீர்ந்தது. மார்ச் 15இல் இறந்துபோனார்.

● வால்வுத் தொற்றைப் பெனிசிலினால் குணமாக்கலாம் என்று காட்டியவர்களில் முன்னோடி, நியூயோர்க் புரூக்ளினைச் சேர்ந்த வைத்தியர் லியோ லோ. சொட்டுச் சொட்டாக நரம்பில் பெனிசிலின் ஏற்றி 7 நோயாளிகளுக்கு வைத்தியம் செய்த விவரத்தை 1944இல் வெளியிட்டார். அதுவரை ஏறக்குறைய எல்லோரையும் கொன்ற நோய் அது.

● அன்று ஊசியைத் தெரிந்தெடுக்க ஒரு நல்ல காரணம் இருந்தது. முதலில் வந்த பெனிசிலின் ஜி வயிற்று அமிலத்தில் அழிந்துவிடும். விழுங்கினால் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

● அமிலத்தைத் தாங்கும் பெனிசிலின் வி, 1950களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் குண்டல் என்ற ஊரில் பிறந்தது. 1970களில் அமொக்சிசிலின் வந்தது. விழுங்கியதில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்ந்துவிடும். பின்னர் வந்த லினிசோலிட் குளிசையோ ஏறக்குறைய முழுவதுமே இரத்தத்துக்குப் போய்விடும். மருந்துகள் மாறின. ‘வால்வு என்றால் ஊசிதான்’ என்ற வழக்கம் மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் அசையவில்லை.

● ஊசிக்கும் விலை உண்டு. கையில் நாள்கணக்கில் கிடக்கும் கனுலா நரம்பை வீங்க வைக்கும். சில வேளை அதுவே புதுக் கிருமிக்கு வாசலாகிவிடும். வால்வில் தொற்று உள்ளவருக்கு இரத்தத்தில் இன்னொரு கிருமி நுழைவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

குளிசை வென்ற இடம்

● 1991இல் ஆர்ஜென்டீனாவின் புவனோஸ் அயர்ஸில் 30 பேரை வைத்து ஒரு சிறு பரிசோதனை. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்றியவர்களுக்கு 2 கிழமை ஊசி, பிறகு 2 கிழமை அமொக்சிசிலின் குளிசை. முழுக்க ஊசி போட்டவர்களைப் போலவே இவர்களும் குணமடைந்தார்கள்.

● 1996இல் அமெரிக்காவில் இன்னொன்று. ஊசி வழியாகப் போதைப்பொருள் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இதயத்தின் வலது பக்க வால்வில் தொற்று வருவதுண்டு. அவர்களுக்கு சிப்ரோஃபுளொக்சசினும் ரிஃபாம்பிசினும் குளிசையாக 4 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். ஊசிக்கு அது சளைக்கவில்லை.

● உலகம் திரும்பிப் பார்த்தது டென்மார்க்கை. 2011 முதல் 2017 வரை நடந்த ‘போயெட்’ ஆய்வில் 400 பேர். எல்லோருக்கும் தொற்று இடது பக்க வால்வில். அதாவது கடினமான வகை. குறைந்தது 10 நாள் ஊசி போட்டு நிலைமை சீரான பிறகு, பாதிப்பேர் ஊசியிலேயே தொடர்ந்தார்கள்; மீதிப்பேர் குளிசைக்கு மாறினார்கள்.

● முடிவு: மரணம், எதிர்பாராத இதய அறுவைச் சிகிச்சை, துண்டு பிய்ந்து அடைப்பது, கிருமி திரும்ப வருவது ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஊசிக் குழுவில் 12.1 சதவீதம், குளிசைக் குழுவில் 9 சதவீதம். குளிசை ஊசிக்குக் கீழே இல்லை என்பது நிரூபணமாயிற்று. சுமார் மூன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் குளிசைக்காரர்கள் பின்தங்கவில்லை.

● குழுக்கள் பிரிந்த பிறகு ஊசிக்காரர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது நடுக்கணக்கில் 19 நாள். குளிசைக்காரர்கள் 3 நாள். கூலி வேலைக்குப் போகிற ஒருவரின் வீட்டில் இந்த 16 நாள் என்ன பெறும் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

● ஆனால் இதையும் சேர்த்து வாசியுங்கள். அந்த 400 பேரைத் தெரிந்தெடுக்க 1,954 பேரைப் பரிசீலித்தார்கள். ஐந்தில் ஒருவர்தான் உள்ளே வந்தார். குளிசை எல்லோருக்குமான குறுக்குப் பாதை அல்ல.

● எலும்பு, மூட்டுத் தொற்றுகளிலும் இதே கேள்வியைப் பிரித்தானியாவின் ‘ஒவிவா’ ஆய்வு 1,054 பேரிடம் கேட்டது. 2019இல் வெளியான அதன் விடையும் குளிசைக்குச் சாதகம்தான். 2023இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம், நிலைமை சீரான வால்வு நோயாளிகளைக் குளிசைக்கு மாற்றும் முறையைத் தன் வழிகாட்டியில் சேர்த்தது.

மாறுவதற்கு முன் கேட்கும் கேள்விகள்

● காய்ச்சல் 2 நாளுக்கு மேலாக விட்டிருக்கிறதா? இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு உச்சத்திலிருந்து கால்வாசிக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் சீழ்க்கட்டி இல்லையா? குடல் மருந்தை ஒழுங்காக உறிஞ்சுமா? டென்மார்க்கில் இத்தனைக்கும் விடை சரியாக வந்த பிறகே குளிசை.

● எந்தக் கிருமி என்பதும் முக்கியம். அங்கே நான்கு வகைக் கிருமிகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டன. பல மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி தொற்றிய ஒருவர்கூட அந்த ஆய்வில் இல்லை. ஆகவே அவர்களுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

● குளிசை என்றால் ஒன்று அல்ல. வெவ்வேறு வழியில் கிருமியைத் தாக்கும் இரண்டு மருந்துகள் சேர்த்தே கொடுக்கப்பட்டன. தொண்டை நோவுக்கு 500 மில்லிகிராம் அமொக்சிசிலின் 3 வேளை எழுதுவார்கள்; அந்த ஆய்விலோ 1 கிராம் வீதம் 4 வேளை. வீட்டில் மிச்சமிருக்கும் கெப்சியூலோடு இதை ஒப்பிடவே கூடாது.

● ரிஃபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது வேறு. செயற்கை வால்வில் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் குடிப்பவர்களுக்கு ரிஃபாம்பிசின் அந்த வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடும். இரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையை அடிக்கடி செய்து அளவை மாற்ற வேண்டிவரும்.

● லினிசோலிட்டை உலக சுகாதார நிறுவனம் ‘ஒதுக்கி வைக்க வேண்டிய’ மருந்துகளின் பட்டியலில் போட்டிருக்கிறது. வேறு வழியில்லாத இடத்துக்கென்று. 2 கிழமைக்கு மேல் எடுத்தால் இரத்தத் தட்டுகள் குறையலாம், ஆகவே கிழமைக்கொரு இரத்தச் சோதனை. மொக்சிஃபுளொக்சசின் என்ற இன்னொரு மருந்தை இரும்புச்சத்துக் குளிசையோடோ அமில மருந்தோடோ சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

நம்ம பக்கத்தில்

● மேல்நாடுகளில் இந்த நோய் இன்று பெரும்பாலும் வயோதிபருக்கும் செயற்கை வால்வுக்காரருக்கும் வருவது. டென்மார்க் ஆய்வில் சராசரி வயது 67. தெற்காசியாவில் சிறுவயதுத் தொண்டை நோவிலிருந்து கிளம்பும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, இளவயதினரையும் இந்த நோய்க்கு ஆளாக்குகிறது. 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை போடும் பென்சத்தின் பெனிசிலின் ஊசியைத் தவறவிடாதீர்கள் என்று கிளினிக்கில் வற்புறுத்துவது இதனால்தான்.

● மருந்துக்கு வர்த்தகப் பெயரை விட்டு அதன் சொந்தப் பெயரைப் பாவிக்க வேண்டும், நாடு அவசியமான மருந்தை மலிவாக மொத்தமாக வாங்க வேண்டும் என்று வாதாடிய பேராசிரியர் சேனக்க பிபிலே இலங்கையர். அவர் முயற்சியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் உருவானது. அமொக்சிசிலின் என்று துண்டில் பெயர் எழுதப்படும்போது அவரை நினைக்கலாம்.

● டென்மார்க்கில் வீட்டுக்குப் போன குளிசைக்காரர்கள் கிழமைக்கு 2, 3 தடவை கிளினிக்குக்கு வந்தார்கள். பலாபத்வலயில் இருப்பவர் அப்படிச் செய்வதென்றால் ஏ-9 வீதியில் மாத்தளைக்கு அத்தனை தடவை பஸ் ஏற வேண்டும். கண்டிக்கென்றால் இன்னும் தூரம். வாட்டை விட்டு வெளியேறுவது சிகிச்சை முடிந்ததாகாது. துணைக்கு வர ஒருவர், போய்வரக் காசு, நேரத்துக்குச் சாப்பாடு, மறக்காமல் குளிசை, இத்தனையும் வீட்டில் இருக்கிறதா என்று யோசித்துச் சொல்வதும் சிகிச்சையின் பாகம்தான்.

● இந்த நோயின் கிருமிகளில் ஒரு பெரும் பங்கு நம் வாயிலிருந்தே வருகிறது. ஈறில் இரத்தம் கசிகிற வாய், இரத்தத்துக்குள் கிருமி போகத் திறந்த வாசல். காலையும் இரவும் பல் துலக்குவது வால்வுக்காரருக்கு அழகுக்காக அல்ல.

● செயற்கை வால்வு உள்ளவர், முன்பு ஒருமுறை இந்தத் தொற்று வந்தவர், பிறவியிலேயே சிலவகை இதயக் குறை உள்ளவர் ஆகியோர் பல் பிடுங்குமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வழக்கமான ஏற்பாடு, 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரே வேளையாக 2 கிராம் அமொக்சிசிலின். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மாற்று மருந்து உண்டு.

● எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. அன்டிபயோட்டிக் தொடங்குமுன் வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று தடவை இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே பார்மசியில் வாங்கி விழுங்கிய நாலு கெப்சியூல் அந்தக் கிருமியை ஒளித்துவிடும், நோயைக் குணமாக்காது. கிருமியின் பெயர் தெரியாவிட்டால் எந்தக் குளிசைக்கு மாறுவது என்று வைத்தியரால் முடிவெடுக்கவும் இயலாது.

ஆகவே வால்வுக் கோளாறு உள்ளவரே, காய்ச்சல் 3 நாளுக்கு மேல் நீடித்தால் பார்மசிக்குப் போக வேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தம் எடுத்த பிறகு மருந்தைத் தொடங்கட்டும். ஊசியா, குளிசையா என்பதை அங்கே பேசிக்கொள்ளலாம்.