ஊகிக்க முடியாத பாடல்கள்

ஒரு பாடல் தொடங்கியவுடன் கேட்பவரின் மனமும் அதனுடன் சேர்ந்து இயங்கத் தொடங்கிவிடுகிறது. பல்லவியை ஒருமுறை கேட்டுவிட்டால், சரணம் முடிந்ததும் அதே பல்லவி திரும்பி வரும் என்று மனம் காத்திருக்கும். தாளம் நான்கு நான்காகச் சென்றால், காலும் தானாகவே நான்கு நான்காகத் தட்டும். எதிர்பார்த்தது வரும்போது மகிழ்ச்சி பிறக்கிறது. உலகில் பெரும்பாலான பாடல்கள் இந்த மகிழ்ச்சியை நம்பியே அமைக்கப்படுகின்றன. அதில் தவறு ஏதுமில்லை. ஆனால், அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் கேட்பதிலும் ஒரு தனிச் சுவை உண்டு. அச்சுவையைத் தேடுவோரில் பலர் சென்று சேரும் இடம், ‘புரோகிரசிவ் ராக்’ எனப்படும் இசைவகை.

‘புரோகிரசிவ்’ என்னும் சொல்லுக்கு முன்னோக்கிச் செல்வது என்று பொருள். 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் ராக் இசைக்கலைஞர்கள் சிலருக்கு மூன்று நிமிடப் பாடல் போதவில்லை. மேற்கத்தியச் செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை ஆகியவற்றிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்து, ராக் இசையோடு கலந்தனர். 1969இல் வெளிவந்த கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தொகுப்பு இதற்கு வழிகாட்டியது எனலாம். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 20 நிமிட இசையைப் பதிவு செய்ய முடியும். அந்த இடம் முழுவதையும் ஒரே பாடலுக்குக் கொடுக்கும் துணிச்சல் அவர்களுக்கு வந்தது. எஸ் என்னும் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ அப்படி 1972இல் பிறந்த பாடல்.

நீளம் மட்டுமே இந்த இசையின் சிறப்பன்று. தாளத்தைப் பாருங்கள். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘மனி’ என்னும் பாடல் 1973இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் நாணயம் விழும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை, கடையின் பணப்பெட்டி திறக்கும் ஓசை ஆகியவை மாறிமாறி ஒலிக்கின்றன. கணினி இல்லாத அக்காலத்தில் ஒலிநாடாவைச் சம அளவுத் துண்டுகளாக அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுழலவிட்டு அதை உருவாக்கினர். ஒரு சுற்றில் ஏழு ஓசைகள். பாடலும் அந்த ஏழிலேயே நடக்கிறது. ‘தகிட தகதிமி’ என்று வாயால் சொல்லிப் பார்த்தால் ஏழின் நடை விளங்கும். நான்குக்குப் பழகிய கால் இந்தப் பாடலில் தடுமாறும். ஓர் அடி குறைவதுபோலத் தோன்றும். பிறகு கித்தார் தனியாக ஒலிக்கும் பகுதியில் தாளம் நான்காக மாறுகிறது. அப்போது இசை கட்டவிழ்ந்து ஓடுவதுபோல இருக்கிறது. ஏழில் தவித்த செவிக்கு, சாதாரண நான்கே வியப்பாகிவிடுகிறது!

ஏழும் ஐந்தும் கர்நாடக இசைக்குப் புதியவை அல்ல. மிஸ்ர சாபுவில் ஏழு, கண்ட சாபுவில் ஐந்து. இதை நன்கு அறிந்திருந்த ஆங்கிலேயக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், 1971இல் தொடங்கிய மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் இத்தகைய தாளங்களை மின்கித்தாரின் வேகத்தோடு இணைத்தார். அதன்பின் அவர் அமைத்த சக்தி குழுவில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். பிற்காலத்தில் அவர் மகன் செல்வகணேஷ் அக்குழுவில் இடம்பெற்றார். 2024இல் அக்குழுவின் ‘திஸ் மொமென்ட்’ தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தது.

1970களின் இறுதியில் புரோகிரசிவ் ராக் செல்வாக்கை இழந்தது. எளிமையும் வேகமும் கொண்ட பங்க் இசை இளையோரைக் கவர்ந்தது. ஆனால், உள்ளிருந்தே வந்த சிக்கல் ஒன்றும் இருந்தது. முன்னோக்கிச் செல்வது என்பது ஒரு செயலின் பெயர். நாளடைவில் அது ஓர் ஓசையின் பெயராகிவிட்டது. நீண்ட பாடல், கடினமான தாளம், குறிப்பிட்ட சில வாத்தியங்கள் என்று ஓர் அச்சு உருவாயிற்று. 1972இன் ஓசையை இன்று அப்படியே மீண்டும் வாசிக்கும் குழுவுக்கும் அதே பெயர்தான் சூட்டப்படுகிறது. ஆனால், அது எந்த வகையில் முன்னோக்கிச் செல்கிறது? புதுமையைத் தேடுவோர் ஏமாறுவது பெரும்பாலும் இந்தப் பெயரில்தான்.

செயலை மறவாதவர்களும் இருந்தனர். எஸ் குழுவின் மேளக் கலைஞர் பில் புரூஃபோர்ட், ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பதிவு முடிந்த நிலையில், புகழின் உச்சியில் இருந்த அக்குழுவை விட்டு விலகி, நிலையற்ற கிங் கிரிம்சனில் சேர்ந்தார். அக்குழுவின் தலைவர் ராபர்ட் ஃபிரிப் 1974இல் குழுவையே கலைத்தார். 1981இல் அது மீண்டும் கூடியபோது பழைய ஓசை ஏதும் இல்லை. இரண்டு கித்தார்கள் சிறுசிறு சுரக்கோவைகளைப் பின்னி வாசித்தன. அந்தப் பின்னல் நம் வட்டாரத்துக் கமலான் இசையை நினைவூட்டும். ஒருவரின் சுற்று மற்றவருடையதைவிடச் சற்றுக் குறுகியதாக இருக்கும் இடங்களில், இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு, விலகி, பல சுற்றுகளுக்குப்பின் மீண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும். பழைய ரசிகர்களுக்கு அது அதிர்ச்சி. பெயருக்கு ஏற்ற இசை அதுதான்.

புதிய பாடல்களில் இந்தக் குணத்தைக் காண முடியுமா? முடியும், ஆனால், அது எப்போதும் புரோகிரசிவ் என்ற பெயரின்கீழ் இருப்பதில்லை. ரேடியோஹெட் குழு 1997இல் வெளியிட்ட ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ ஆறு நிமிடத்திற்கும் மேற்பட்டது. அமைதியான கித்தாரில் தொடங்கி, முரட்டு ஓசையாக வெடித்து, பின்னர்ப் பிரார்த்தனைபோல மெல்ல நகர்ந்து, மீண்டும் அந்த முரட்டு ஓசைக்கே வந்து முடிகிறது. வழக்கமான பல்லவி அதில் இல்லை. வானொலிக்குச் சற்றும் பொருந்தாத அப்பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது.

அமெரிக்காவின் டூல் குழு கணிதத்தை நாடியது. 2001இல் வந்த ‘லேட்டராலஸ்’ பாடலின் தொடக்க வரிகளில் அசைகள் 1, 1, 2, 3, 5, 8 எனக் கூடி, பின்னர்க் குறைகின்றன. முந்தைய இரண்டு எண்களின் கூட்டுத்தொகையே அடுத்த எண்ணாக வரும் இவ்வரிசை, பிபொனாச்சி வரிசை எனப்படும். பல்லவியின் தாளம் 9, 8, 7 என மாறுகிறது; 987 என்பதும் அவ்வரிசையில் உள்ள எண்ணே. இதை எண்ணிப் பார்ப்பது சுவையான பொழுதுபோக்குதான். ஆயினும், எண்ணத் தெரியாதவருக்கும் அப்பாடல் சுருள் விரிவதுபோல விரிந்து கேட்பதே அதன் வெற்றி. வெறும் கணக்காக நின்றுவிடும் பாடல்களும் இந்த இசைவகையில் குறைவின்றி உண்டு. ஐந்து நொடிக்கு ஒரு முறை தாளத்தை மாற்றினால், ஆறாவது மாற்றத்தில் செவி வியப்பதை நிறுத்திவிடுகிறது. எதிர்பார்ப்பை முதலில் உருவாக்கினால்தானே அதை உடைக்க முடியும்? நல்ல திருப்பம் வரும் நொடியில் திகைப்பைத் தருகிறது. மறுமுறை கேட்கும்போது, அது வருவதற்கான குறிப்பு முன்பே மறைந்திருந்தது புலப்படுகிறது. துப்பறியும் கதையும் இப்படித்தான் இயங்குகிறது.

இன்று இத்தகைய பாடல்களைத் தேடுவோர் முரணான ஒரு நிலையில் இருக்கின்றனர். இணைய இசைத் தளங்கள், ஒருவர் முன்பு கேட்டவற்றை ஆராய்ந்து, அவற்றை ஒத்த பாடல்களையே பெரும்பாலும் பரிந்துரைக்கின்றன. ஊகிக்க முடியாததைத் தேடுபவருக்கு, ஊகிப்பதையே தொழிலாகக் கொண்ட கருவி உதவ முன்வருகிறது! பாடலை உருவாக்குவோருக்கும் இதில் ஒரு நெருக்கடி உண்டு. ஸ்பாட்டிஃபை தளத்தில் ஒரு பாடல் 30 வினாடி ஒலித்தால், ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேரும். மூன்று நிமிடப் பாடலுக்கும் ஒரு கணக்குதான். போர்க்குபைன் ட்ரீ குழு 2007இல் வெளியிட்ட, 17 நிமிடத்திற்கும் மேலான ‘அனஸ்தடைஸ்’ பாடலுக்கும் அதே ஒரு கணக்குதான். திரைக்கு முன் உணர்வு மரத்துப்போகும் இளையோரைப் பற்றிய தொகுப்பில் அப்பாடல் இடம்பெற்றது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

இந்தக் கணக்கைப் பொருட்படுத்தாதவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிங் கிஸ்ஸர்ட் குழு 2016இல் வெளியிட்ட ‘நோனகன் இன்ஃபினிட்டி’ தொகுப்பில் ஒன்பது பாடல்கள். ஒவ்வொன்றும் அடுத்ததில் கலக்கிறது, ஒன்பதாவது மீண்டும் முதலாவதில் கலக்கிறது. மறு ஆண்டில் அக்குழு ஐந்து தொகுப்புகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றை இலவசமாகவே கொடுத்து, விரும்பும் எவரும் இசைத்தட்டாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தது.

தேடுவதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. அது இசைவகையின் பெயரை விட்டுவிட்டு, மனிதர்களின் பெயரைப் பின்தொடர்வது. ‘அனஸ்தடைஸ்’ பாடலைக் கேட்டு வியந்தவர், அதை எழுதிய ஸ்டீவன் வில்சனைத் தொடரலாம். சுவீடனின் ஓபெத் குழு 2001இல் வெளியிட்ட ‘பிளாக்வாட்டர் பார்க்’ தொகுப்பின் தயாரிப்பாளர் அவர். மென்மையான கித்தாரும் உறுமும் குரலும் அதில் ஒரே பாடலுக்குள் மாறிமாறி வரும். 2011இல் ஓபெத் அந்த உறுமலைக் கைவிட்டது. ரசிகர்கள் சிலர் மனம் வருந்தினர். இனி அக்குரல் வராது என்று அனைவரும் பழகிவிட்ட வேளையில், 2024இல் அது திரும்பி வந்தது. அதே தொகுப்பில் புல்லாங்குழலும் வயது முதிர்ந்த ஒருவரின் பேச்சுக்குரலும் ஒலிக்கின்றன. இரண்டும் ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சனுடையவை. அவரைப் பின்தொடர்ந்தால், அக்குழு 1972இல் வெளியிட்ட ‘திக் ஆஸ் அ பிரிக்’ கிடைக்கும். அந்த இசைத்தட்டில் இருப்பது ஒரே பாடல்தான். முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து சென்று தட்டைத் திருப்பிப் போட்டால்தான் மறுபாதியைக் கேட்க முடியும்.