சுள்ளி பொறுக்கிய சிறுமியும் பள்ளிப்பட்டி மாதாவும்

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் ரயில், சேர்வராயன் மலைச் சரிவை ஒட்டிக் காட்டுக்குள் நுழைந்து வெளியே வந்ததும் பொம்மிடி ஸ்டேஷன் வரும். அதற்குப் பக்கத்தில் இருக்கிறது பி.பள்ளிப்பட்டி. தருமபுரி ஜில்லாவில், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவைச் சேர்ந்த கிராமம். கேழ்வரகும் மரவள்ளியும் புளியமரமுமான அந்தச் சீமையில் லூர்து மாதாவுக்கு ஒரு கோயில்!

பிப்ரவரி 11-ந் தேதி லூர்து மாதாவின் திருநாள். நம் ஊர் மாதா கோயில் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அதன் முறை தெரிந்திருக்கும். முதலில் கொடியேற்றம். பிறகு ஒன்பது நாள் நவநாள் ஜெபம். கடைசியில் திருப்பலியும், விளக்கு அலங்காரத்தோடு தேர்ப்பவனியும். கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் குழந்தை குட்டிகளோடு தாய் வீட்டுக்கு வந்து சேரும் நாட்கள் இவை. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற இந்துப் பெண்களும் நம் நாட்டில் நிறைய உண்டு. பிள்ளை வரம் கேட்கப் போகிறவளிடம், 'நீ எந்த மதம்?' என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அது சரி, பிரான்ஸ் தேசத்து லூர்துக்கும் தருமபுரிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அதற்கு ஓர் ஏழைச் சிறுமியின் கதையைச் சொல்ல வேண்டும்.

பெர்னதெத் சூபிரு என்று பெயர். அப்பா மாவு மில் வைத்து நொடித்துப் போனவர். முன்பு சிறைச்சாலையாக இருந்த ஒரே அறையில் குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடந்தது. 1858 பிப்ரவரி 11-ந் தேதி அடுப்புக்கு விறகு இல்லை. தங்கையையும் ஒரு தோழியையும் கூட்டிக்கொண்டு சுள்ளி பொறுக்க ஆற்றங்கரைக்குப் போனாள். அப்போது அவளுக்கு வயது 14. அங்கே மசாபியேல் என்ற பாறைக் குகையில், வெள்ளை உடையும் நீல இடைக்கச்சையுமாக ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னாள். இரண்டு பாதங்களிலும் மஞ்சள் ரோஜா இருந்ததாம்! ஜூலை 16 வரை 18 தடவை இந்தக் காட்சி தெரிந்தது. அந்தப் பெண் பேசியது படித்தவர்களின் பிரெஞ்சு அல்ல. பெர்னதெத் வீட்டில் பேசுகிற அதே பட்டிக்காட்டுப் பேச்சு.

பிப்ரவரி 25-ந் தேதி, ஊற்றில் குடித்து முகம் கழுவும்படி அவளுக்குக் கட்டளை கிடைத்தது. ஊற்று எங்கே? சிறுமி கையால் மண்ணைக் கிளறினாள். சேறுதான் வந்தது. அதையே குடித்தாள், முகமெல்லாம் சேறு. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. ஆனால் சேறு தெளிந்து நீராகியது. அந்த ஊற்று இன்றும் வற்றவில்லை.

பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமார்கள் 1776 முதல் புதுச்சேரியில் இருந்தவர்கள். தங்கள் நாட்டு மாதாவின் பக்தியைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். புதுச்சேரியை அடுத்த வில்லியனூருக்கு 1877-ல் பிரான்ஸிலிருந்து மாதா சுரூபம் வந்தது. அங்கே கோயிலுக்கு எதிரே குளம் உண்டு. அப்புறம் ஊருக்கு ஊர் லூர்துக் குகையைப் போலக் கெபிகள் எழுந்தன. பெண் குழந்தைகளுக்கு லூர்து மேரி என்று பெயர் வந்தது. தருமபுரிப் பகுதி முதலில் 1930-ல் உண்டான சேலம் மறைமாவட்டத்தில் இருந்து, 1997-ல் தனி மறைமாவட்டம் ஆயிற்று.

கண்ணுக்கு அழகான சுரூபம் என்பதற்காக மட்டும் இந்தப் பக்தி இங்கே வேரூன்றியிருக்காது. தருமபுரி ஜில்லாப் பெண்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழக் குழாய்க் கிணறு போட்டுத் தண்ணீர் வந்தாலும், பல இடங்களில் அதில் புளூரைடு உப்பு கலந்திருக்கும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். இதில் கொடுமை என்னவென்றால், கொதிக்க வைத்தாலும் புளூரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்! இதற்காகவே காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு போடப்பட்டு 2013-ல் திறக்கப்பட்டது. மாதாவிடம் வேண்டிக்கொள்வதும், நல்ல குழாய்த் தண்ணீருக்கு விடாமல் மனுப் போடுவதும் ஒன்றுக்கொன்று விரோதமான காரியங்கள் அல்லவே!

லூர்து திருநாளையே உலக நோயாளர் தினமாக 1993 முதல் திருச்சபை அனுசரிக்கிறது. ஊற்றைக் கண்டெடுத்த பெர்னதெத்தோ வாழ்நாள் முழுவதும் ஆஸ்துமாவோடு போராடியவள். கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1879-ல் தன் 35-வது வயதில் கண்ணை மூடினாள். 1933-ல் அவளுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஊருக்கெல்லாம் தண்ணீரைக் காட்டியவளுக்குத் தன் நோய் மட்டும் தீரவில்லை.

நம் வீடுகளிலும் அப்படிச் சிலர் உண்டு. எல்லாருக்கும் தண்ணீர் சுமந்து, உலை வைத்து, பரிமாறிவிட்டு, தன் முழங்கால் வலியை மட்டும் வெளியே சொல்லாதவர்கள். பள்ளிப்பட்டிக்குப் போகிற பெண் மாதாவிடம் அந்த வலியைச் சொல்லிவிட்டு வரட்டும். திரும்பி வந்ததும் வீட்டில் உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.