கதவுதான் பெட்டி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் ஸ்பீக்கர் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் மேசைமேல் வைக்கிற அட்டைப்பெட்டியில் '300 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அது 'பீக்', அதாவது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' அது பொடி எழுத்தில், 50 என்றோ 60 என்றோ சாதுவாக ஒரு மூலையில் இருக்கும்.

காரிலுள்ள ஸ்டீரியோவும் யோக்கியமில்லை. 'ஒரு ஸ்பீக்கருக்கு 50 வாட்' என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாமே. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண ஸ்டீரியோ அதைத் தாண்டி ஏற முடியாது. 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதறாத ஒலியாக அது தரக்கூடிய உச்சம், ஏட்டுக்கணக்கில் 26 வாட். உள்ளே ஆகும் இழப்பைக் கழித்தால் 20 வாட் தேறுவதே பெரிது.

இருக்கிற 20 வாட்டை வீணாக்காத ஸ்பீக்கர்தான் நமக்குத் தேவை. அதைக் காட்டும் எண் 'சென்சிட்டிவிட்டி': ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கிறது என்பது. 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம் போதும். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்துக் கேட்பதை, 91 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தந்துவிடும். புதியது அதோடு ஒத்துப்போக வேண்டுமே, பழைய ஸ்பீக்கரின் முதுகில் எத்தனை ஓம் என்றிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் 4, சில கார்களில் 2.

இவ்வளவும் பார்த்து, நல்ல விலை கொடுத்து மாட்டிய பிறகும் சிலர் முகம் சுளிப்பார்கள்: "பேஸே வரலையே!" குற்றவாளி அநேகமாக ஸ்பீக்கர் அல்ல, கதவு.

ஸ்பீக்கரின் கோன் முன்னால் துள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு அலைகள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை எந்த விளிம்பையும் சுலபமாக வளைந்து கடந்துவிடும். முன்னலையும் பின்னலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால்தான் வீட்டு ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் அடைக்கிறார்கள். காரில் அந்தப் பெட்டி கதவுதான். ஆனால் கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பொருத்த வசதியாகக் கதவின் உள்தகட்டில் கை நுழையும் ஓட்டைகள் உண்டு. பல கார்களில் அவற்றை மூடியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். வெளித்தகடோ பிஸ்கட் டின்போல அதிரும்.

ஆகவே இரண்டாயிரம் ரூபாய் அதிக விலையுள்ள ஸ்பீக்கரைவிட, அந்தப் பணத்தை 'டேம்பிங் ஷீட்'டில் போடுவதே புத்திசாலித்தனம் என்பேன். ஒருபுறம் பியூட்டைல் ரப்பர், மறுபுறம் அலுமினியம். வெளித்தகட்டின் உட்புறம் ஒட்டினால் அதிர்வு அடங்கும். உள்தகட்டின் ஓட்டைகளை மூடினால் பின்னலை உள்ளேயே நிற்கும். கதவின் அடியிலுள்ள சிறு துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது; அடைத்தால் துருதான்.

அளவைப் பொறுத்தவரை, பல கார்களின் முன்கதவில் ஆறரை அங்குலம். பலர் கோட்டை விடுவது ஆழத்தில். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சுங்கச்சாவடியில் கண்ணாடி ஸ்பீக்கரின் காந்தத்தில் இடித்து நிற்கும். இடம் போதாவிட்டால் ஸ்பேசர் வளையம் உண்டு. ஈரத்தில் ஊறும் எம்.டி.எஃப். வேண்டாம், பிளாஸ்டிக் நல்லது.

கோஆக்ஸியலா, காம்பொனென்ட்டா? மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொப்பியின் கும்காரம் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கேட்கும். வலந்தலையின் கணீர் ஓசை நேராக வரவேண்டும். முழங்கால் குறுக்கே வந்தாலே மங்கும். கோஆக்ஸியலில், வலந்தலையின் வேலையைச் செய்யும் ட்வீட்டர் கோனின் நடுவிலேயே, உங்கள் கெண்டைக்காலைப் பார்த்தபடி இருக்கும். காம்பொனென்ட்டில் அதைத் தனியாகக் கண்ணாடியோர மூலைக்கு ஏற்றலாம். அங்கே கம்பெனியே இடம் விட்டிருந்தால் காம்பொனென்ட் வாங்குங்கள். பின்கதவுகளுக்கு இப்போதைக்குச் செலவு வேண்டாம். ஓட்டுநரும் அருகில் இருப்பவரும் கேட்பது முன்கதவுகளைத்தான்.

கதவு அட்டையை மூடுமுன் ஒரு சோதனை. ஒரு பக்கத்தில் மட்டும் கம்பி தலைகீழாக மாறியிருந்தால், இரு கதவுகளும் ஒன்றையொன்று அழித்து பேஸைக் காணாமல் அடித்துவிடும். ஸ்டீரியோவிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகளில் ஒன்றரை வோல்ட் செல்லை, பிளஸ்ஸுக்கு பிளஸ்ஸாக, ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கதவிலும் கோன் வெளிப்பக்கம் துள்ளினால், திருகை முடுக்கலாம்.