வளையல் இறுகினால் கவனியுங்கள்

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையெல்லாம் முடிந்து, பயம் தெளிந்த பிறகு வரக்கூடிய தொல்லை இது. அறுவை நடந்த பக்கத்துக் கை கனக்கும். ரவிக்கைக் கை பிடிக்கும். வளையலும் மோதிரமும் கழற்ற வராது. பெரிதாக வலிக்காததால் பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

ஏன் வீங்குகிறது?

கையில் ஊறும் நிணநீர் அக்குள் வழியாகத்தான் ரத்தத்தில் போய்ச் சேரும். புற்றுநோய் அங்கே பரவியிருந்தால் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றுகிறார்கள். கதிர்வீச்சும் சேர்ந்தால் மிச்சமுள்ள பாதைகளும் தழும்பாகிச் சுருங்கும். வடிய வழியில்லாத நீர் கையிலேயே தேங்குகிறது. முடிச்சுகளைப் பெருமளவு எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. முதல் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு அபாயம் மிகக் குறைவு. உடல் பருமன் அபாயத்தைக் கூட்டும். பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளில் தலைகாட்டும். பல ஆண்டுகள் கழித்து வருவதும் உண்டு.

தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், கையை உயர்த்தி வைத்தால் வடியும். அப்படியே விட்டால் திசு தடித்து இறுகிவிடும். பிறகு குறைப்பது பெரும்பாடு.

கையை முடக்காதீர்கள்

"அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் புத்திமதி. நல்லெண்ணம்தான், ஆனால் பழைய பாடம். ஏற்கெனவே வீக்கம் இருந்த பெண்களைப் படிப்படியாக எடை தூக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2009இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென மோசமாவதும் குறைந்தது. பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில், சிறு எடையில் தொடங்க வேண்டும்.

சிகிச்சை என்ன?

அடுக்கடுக்கான அழுத்தக் கட்டு, பின்னர் கைக்கு அளவெடுத்த அழுத்த உறை, தோலை மட்டும் மெதுவாக நகர்த்தும் மசாஜ், உடற்பயிற்சி. எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவது இதில் சேராது. நீர் மாத்திரையாலும் பலனில்லை. முழுதாகக் குணமாவது அரிது, கட்டுக்குள் வைக்கலாம்.

உடனே போக வேண்டிய நேரம்

கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அது தோல் தொற்று. அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். திடீர் வீக்கமோ கடும் வலியோ வந்தால் ரத்தக்கட்டா, நோய் திரும்பியிருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். நகவெட்டுக் காயத்தையும் பூச்சிக்கடியையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள், முன்கூட்டியே இரு கைகளையும் டேப் வைத்து அளந்து குறித்துத் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.