விமான நிலையத்து ஆங்கிலம்

எங்கள் கஹவத்தைப் பகுதியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போகிறவர்களில் உல்லாசப் பயணிகள் குறைவு. உம்ராவுக்குப் போகும் பெரியவர்கள், மாணிக்கக்கல் வியாபாரிகள், தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோரே அதிகம். ஆனால் நான் பார்த்த ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களில் விமான நிலையம் பற்றிய பாடம் வந்தால், ஒரு சுற்றுலாப் பயணி ஜன்னலோர ஆசனம் கேட்பதோடு அது முடிந்துவிடுகிறது. எங்களவர்களுக்கு ஜன்னல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வழி தவறாமல் போய்ச் சேர்வதற்கான சொற்கள்தான் தேவை.

கட்டுநாயக்கவில் பலகைகள் மும்மொழியிலும் இருப்பதால் தமிழ் தெரிந்தவர் சமாளித்துக்கொள்வார். டோஹாவிலோ டுபாயிலோ இறங்கினால் அரபும் ஆங்கிலமும்தான். குர்ஆன் ஓதப் பழகிய நாங்கள் அரபுப் பலகையை எழுத்துக்கூட்டி 'வுஸூல்' என்று வாசித்துவிடுவோம். அது வருகை என்று பொருள் தெரிந்திருந்தால்தானே பயன்? அதற்குப் பக்கத்தில் 'அரைவல்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். புறப்பாட்டுக்கு 'டிபார்ச்சர்ஸ்'.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது போர்டிங் பாஸில் உள்ள நேரத்தைத்தான். அதில் இரண்டு நேரங்கள் வரலாம். 'போர்டிங் டைம்' என்பது விமானத்தில் ஏறத் தொடங்கும் நேரம். 'டிபார்ச்சர் டைம்' என்பது விமானம் புறப்படும் நேரம். 'கேட்' என்றால் நாங்கள் வீட்டு வாசலில் போடும் கேட் அல்ல, விமானத்துக்குள் போகும் வாயில். விமானம் புறப்படுவதற்குப் பதினைந்து இருபது நிமிடங்களுக்கு முன்பே அதைப் பொதுவாக மூடிவிடுவார்கள். 'கேட் குளோஸ்ட்' என்று பலகையில் விழுந்துவிட்டால் அதன் பிறகு கெஞ்சியும் பலனில்லை.

எங்கள் சாச்சி ஒருவர் நான்கு வருட வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, விமானம் மாற வேண்டிய இடத்தில் டிபார்ச்சர் நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொழுகை அறையில் இருந்தார். அவர் வந்தபோது கேட் மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் நின்றுகொண்டே இருந்ததாம். அடுத்த விமானத்துக்குப் பதினெட்டு மணித்தியாலம் காத்திருந்தார். வேன் பிடித்துக்கொண்டு கட்டுநாயக்கவுக்குப் போயிருந்த உம்மாவும் சாச்சாவும் சாச்சியின் பிள்ளைகளும் விஷயம் தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாச்சிக்கு ஆங்கில எழுத்துகளை வாசிக்கத் தெரியும். இரண்டு நேரங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. விமான நேரம் 24 மணித்தியாலக் கணக்கில் எழுதப்படும். 21.40 என்றால் இரவு 9.40. டிக்கட்டில் 14ஆம் திகதி 00.40 என்று இருந்தால் 13ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இங்கிருந்து பெல்மதுளை, இரத்தினபுரி, கொழும்பு என்று போய்ச் சேரவே பாதி நாள் ஓடிவிடும். ஆகவே வீட்டிலிருந்து கிளம்புவது 13ஆம் திகதி பகலில். 14ஆம் திகதி இரவு போய் நிற்பவருக்கு விமானம் முந்தைய இரவே போயிருக்கும்.

விமானம் மாறுவதை 'டிரான்சிட்' என்றும் 'டிரான்ஸ்பர்' என்றும் சொல்வார்கள். மாற வேண்டியவர் அந்தச் சொற்கள் உள்ள பலகையைப் பின்பற்ற வேண்டும். 'பெகேஜ் கிளெய்ம்' என்ற பலகை அந்த ஊரிலேயே இறங்கிவிடுபவர்கள் பெட்டி எடுக்கும் இடத்துக்குப் போகிறது. கூட்டத்தோடு அந்தப் பக்கம் போனால் வீசா கேட்கும் மேசையில் போய் நிற்க வேண்டியதுதான்.

பெட்டியில் ஒட்டும் துண்டில் மூன்று ஆங்கில எழுத்துகள் பெரிதாக இருக்கும். உலகத்து விமான நிலையங்களுக்கெல்லாம் இப்படி ஒரு சுருக்கம் உண்டு. கட்டுநாயக்கவுக்கு, கொழும்பின் ஆங்கிலப் பெயரிலிருந்து சீ எம் பீ. மட்ராஸ் சென்னையாகி எத்தனையோ வருடங்களாகியும் அதன் சுருக்கம் இன்னும் எம் ஏ ஏ. உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: ஜித்தாவுக்கு ஜே ஈ டீ, மதீனாவுக்கு எம் ஈ டீ. ஓரெழுத்துத்தான் வித்தியாசம். பெட்டி நாம் கடைசியாக இறங்கும் ஊருக்குத்தான் போகிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

'கஸ்டம்ஸ்' என்ற சொல்லை வகுப்பில் வழக்கங்கள் என்று படித்திருக்கிறோம். வழக்கமாகச் செலுத்தும் வரி என்ற கருத்தில்தான் அது சுங்கத்தின் பெயராயிற்று. எனக்கு எங்கள் சொல்லே பிடித்திருக்கிறது. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அழைத்த காலத்திலிருந்தே அது இருக்கிறது. அங்கே கேட்கும் கேள்வி, 'எனிதிங் டு டிக்ளேர்?' வரி கட்ட வேண்டிய, அறிவிக்க வேண்டிய பொருள் ஏதும் உண்டா என்பதே அதன் அர்த்தம். இல்லாவிட்டால் 'நத்திங் டு டிக்ளேர்' என்று சொல்லிப் பச்சை வழியால் போகலாம். கல் கொண்டுபோகும் வியாபாரிகளுக்குச் சிவப்பு வழி நன்றாகத் தெரியும்.

கைப்பையை 'ஹேண்ட் லகேஜ்' என்பார்கள். அதில் வைக்கும் திரவம் ஒரு போத்தலில் 100 மில்லிலீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் விதி. 2006 ஆகஸ்டில், பானப் போத்தல்களில் வெடிபொருள் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்ட பின்னரே இது வந்தது. ஸம்ஸம் கேனைக் கையில் கொண்டுபோக முடியாமல் கவுண்டரில் ஒப்படைப்பதும், தேங்காய் எண்ணெய்ப் போத்தல் பறிபோவதும் இதனால்தான்.

நடக்க முடியாத உம்மும்மாமார் போவதென்றால் டிக்கட் போடும்போதே 'வீல்செயார்' என்று சொல்லிப் பதிந்துவிடுங்கள். அதைத் தள்ளிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் கேட் வரைக்கும் கூட்டிப்போவார். தனியாகப் போகிறவர்கள் 'வெயார் இஸ் திஸ் கேட், ப்ளீஸ்?' என்று போர்டிங் பாஸைக் காட்டிக் கேட்கலாம். பதில் வேகமாக வந்து விளங்காவிட்டால் 'ப்ளீஸ் ரைட் இட் டவுன்' என்று பேனையை நீட்டலாம். அதற்காகக் கைப்பையில் ஒரு பேனையும் துண்டுக் கடதாசியும் இருக்கட்டும்.