13 பைட்டில் ஒரு காவல்

கோவை கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் இன்று கணினி இயக்கும் பல சிஎன்சி இயந்திரங்களுக்கு ஐபி முகவரி உண்டு. அலுவலகக் கணினியில் போடும் புரோகிராம் கேபிள் வழியாக நேரே இயந்திரத்துக்குப் போகிறது. அதே கேபிளில் வேண்டாத விருந்தாளியும் வரலாம். 2017 மே 12 அன்று உலகை உலுக்கிய 'வான்னாக்ரை' தீநிரல், 445 என்ற போர்ட் வழியாகத்தான் ஒரு விண்டோஸ் கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது.

அந்த வழியை அடைப்பது எப்படி? நெட்வொர்க்கில் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டின் ஹெடரிலும் ஐந்து விவரங்களைப் பார்த்தால் போதும்: அனுப்பும் முகவரி, சேரும் முகவரி, புரோட்டோகால், இரு முனைகளின் போர்ட் எண்கள். ஐபிவி4-இல் இவை மொத்தம் 13 பைட். எந்தப் பாக்கெட்டை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதியைச் சி மொழியில் எழுதுபவர், ஒவ்வொரு விவரமும் எத்தனை பைட், எங்கே தொடங்குகிறது, எப்படி ஒப்பிடுவது என்று முதலில் வரையறுக்கிறார். டிபிடிகே என்ற திறந்த மூல நூலகம் கேட்பதும் இதைத்தான். முகவரிக்கு முன்பகுதி பொருந்தினால் போதும். போர்ட்டுக்கு 'இதிலிருந்து இதுவரை' என்று எல்லை கொடுக்கலாம்.

பலர் சறுக்கும் இடம் போர்ட் எண். அது இரண்டு பைட். நெட்வொர்க்கில் பெரிய மதிப்புள்ள பைட் முன்னால் வரும். இன்டெல் வகைக் கணினிகள் சிறியதை முன்னால் வைக்கும். மாற்றிக்கொள்ள மறந்தால் 445 என்பது 48385 ஆகிவிடும். புரோகிராம் பிழை காட்டாது. பட்டியலில் விதியும் இருக்கும். 445 மட்டும் திறந்தே கிடக்கும்!

இரண்டு விதிகள் ஒரே பாக்கெட்டுக்குப் பொருந்தினால் எது செல்லும்? லினக்ஸின் தடுப்புக் கருவியான ஐபிடேபிள்ஸில் மேலே இருக்கும் விதி முந்திக்கொள்ளும். டிபிடிகேயில் முன்னுரிமை எண் பெரிதாக உள்ள விதி வெல்லும். ஒன்றில் பழகியவர் மற்றதற்கு மாறும்போது இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

வேகமும் முக்கியம். 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்கு 1.48 கோடி வரை வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோநொடி. ஆயிரம் விதிகளை வரிசையாகப் படிக்க நேரமில்லை. அதனால் விதிகளை முன்கூட்டியே மரவடிவில் அடுக்குகிறார்கள். ஐஐடி பம்பாயில் படித்த ஜார்ஜ் வர்கீஸ், பாக்கெட்டுகளை இப்படி வேகமாக வகைப்படுத்தும் துறையின் முன்னோடிகளில் ஒருவர்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான பாடம் கூடங்குளம் அணுமின் நிலையம். அதை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் கண்டறிந்தது. அக்டோபர் 30 அன்று கழகம் அதை ஒப்புக்கொண்டது. அது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி என்றும், முக்கிய உள் நெட்வொர்க் தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்றும் விளக்கியது.

கொங்குப் பட்டறைகளும் ஆலைகளும் செய்ய வேண்டியது அந்தப் பிரிவினையைத்தான். இயந்திரங்களைத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். தேவையான போர்ட்டுகளை மட்டும் பெயர் சொல்லி அனுமதியுங்கள். மற்ற அனைத்தையும் மறுக்கும் விதியைப் பட்டியலின் கடைசியில் (டிபிடிகேயில் மிகக் குறைந்த முன்னுரிமையோடு) எழுதச் சொல்லி, அது வேலை செய்கிறதா என்று நேரில் சோதித்துப் பாருங்கள்.